வாழாத மாநிலத்தின் அனுமதி

தம்பி மகேசன் வந்த நாளிலிருந்து செல்வநாயகிக்குத் தன் வீட்டிலேயே சத்தம் எழுப்பப் பயமாக இருந்தது. கைதவறி ஒரு சட்டிமூடி விழுந்தால் போதும், முன்னறையில் இருக்கும் தம்பி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுவிடுவான். "ஒண்டுமில்லையடா, மூடி விழுந்தது" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் மெல்ல உட்காருவான். சாப்பாட்டு மேசையில் முதுகு சுவருக்கும் முகம் வாசலுக்குமாக ஒரு நாற்காலியைத் தனக்கென்று பிடித்துக்கொண்டான். நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், மவுண்ட் ரோஸ்கில்லின் அந்தத் தெருவில் பகலில் நாய் குரைப்பதே அரிது. ஆனாலும் கார் ஒன்று வேகம் குறைந்தால் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான்.

அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில், ஹூஸ்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் அவனுக்கு வேலை. மாசி மாதம் இரண்டு பேர் பணம் பறிக்கத் துவக்கை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பக்கத்தில் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மெக்சிகோப் பெடியன் கையை உயர்த்தச் சற்றுச் சுணங்கிவிட்டான்; சுட்டுவிட்டார்கள். அவனுடைய இரத்தம் மகேசனின் சட்டையெல்லாம் தெறித்தது. அதற்குப் பிறகுதான் மகேசன் கைத்துப்பாக்கி வாங்கினான். ஒக்லாந்துக்கு வரும்போது அதைக் கொண்டுவர முடியாது என்பதால், கூட வேலை செய்யும் ஒருவனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

வந்து சில நாள் கழித்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கடதாசியை மேசையில் விரித்தான்.

"அக்கா, இதிலை ஒரு கையெழுத்து வேணும்."

அது அமெரிக்காவின் வடக்கே உள்ள ஒரு மாநிலத்தின் விண்ணப்பம். துப்பாக்கியை உடுப்புக்குள் மறைத்துக் கொண்டு திரிவதற்கான அனுமதி. அந்த மாநிலத்தில் அவன் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அது தொண்ணூறுகளின் தொடக்கம்; அவன் இருக்கும் டெக்சாஸில் அப்போது அப்படி ஒரு அனுமதியே கிடையாது. ஆனால் வேறு சில மாநிலங்கள், தங்கள் ஊரில் குடியிருக்காதவர்களுக்கும் தபாலில் கொடுத்தன. அவனுடைய பணப்பையில் அப்படி இரண்டு அட்டைகள் ஏற்கெனவே இருந்தன. இது மூன்றாவது.

செல்வநாயகியின் கணவர் சோதிலிங்கம் பஸ் ஓட்டுபவர். தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்.

"மச்சான், நீர் இருக்கிற இடத்திலை இது செல்லுமோ?"

"செல்லாது அத்தான்."

"அப்ப என்னத்துக்கு? எங்கட ஊரிலையெண்டா, பக்கத்து ஊரை நிர்வகிக்கிற விதானையார் எனக்குக் கடிதம் தந்தா, ஆக்கள் சிரிப்பினமெல்லோ?"

"சிரிக்கட்டும். அது பொக்கற்றிலை கிடந்தா எனக்கு ஒரு தெம்பு. அந்தப் பக்கம் வேலை எடுத்துப் போனாலும் உதவும்."

"இன்னும் எத்தினை மாநிலம் மிச்சமடாப்பா? முத்திரை சேர்க்கிற மாதிரிச் சேர்க்கிறீர்."

மகேசன் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் தமக்கையின் பக்கம் தள்ளினான். விண்ணப்பதாரரை நீண்ட காலம் அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர், விண்ணப்பதாரர் அமைதியான சுபாவம் உள்ளவர் என்று அதில் உறுதி கூற வேண்டும்.

"உறவினர் இல்லையெண்டு இருக்கே. நான் உன்ர அக்காவெல்லோ?"

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் மகேசன் இராசநாயகம். நீங்கள் செல்வநாயகி சோதிலிங்கம். வெள்ளைக்காரன் பாத்தா ஆரோ ரெண்டு பேர்தானே. குடும்ப நண்பர் எண்டு எழுதுங்கோ."

அவன் சொன்னது உண்மைதான். அவனுக்குப் பின்னால் அப்பாவின் பெயர். அவளுக்குப் பின்னால் புருஷனின் பெயர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று அந்தக் கடதாசியைப் பார்த்து உலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

"அங்கை வேறை ஆரும் இல்லையோ, தம்பி?"

"என்னைக் கனகாலமாத் தெரிஞ்ச ஆக்கள் அங்கை ஆர் அக்கா இருக்கினம்?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று கடதாசியைச் சாமித்தட்டின் கீழ் வைத்தாள்.

அதன்பின் விளக்கேற்றும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் பட்டது. கையெழுத்து வைத்தால் பொய். அந்தப் பொய்யின் பலத்தில் அவன் இன்னொரு இடத்திலும் துப்பாக்கியோடு நடப்பான். வைக்காவிட்டால்? ஒரு நாள் தொலைபேசி அடித்து, தெரியாத குரல் ஒன்று அவன் பெயரைப் பிழையாக உச்சரித்து, செய்தி சொன்னால்? அப்போது இந்தக் கை ஒரு கையெழுத்துக்கு மறுத்ததை அவளால் தாங்க முடியுமா? முருகா, இரண்டு பக்கமும் பயமாகக் கிடக்குதே என்று நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் மழை. சோதிலிங்கம் வேலைக்குப் போயிருந்தார். செல்வநாயகி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மகேசன் தண்ணீர் குடிக்க வந்து, குழாயடியில் நின்றான்.

பக்கத்து வீட்டு லோசா சமோவா நாட்டுக்காரி. வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்பவள். வெள்ளிக்கிழமை செல்வநாயகி கொடுத்துவிட்ட சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை அவள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பவளல்ல. எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டைகளால் அதை நிரப்பி, மழைக்குத் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் பின்வாசலால் வந்தாள். பின்கதவைத் தட்ட வேண்டாம், நேரே வா என்று சொல்லிவைத்தவள் செல்வநாயகிதான். வீட்டுக்கு விருந்தாள் வந்திருப்பது லோசாவுக்குத் தெரியாது.

கதவு சட்டென்று திறந்தது. துவாயால் முகம் பாதி மறைந்த பெரிய உருவம் ஒன்று உள்ளே காலை வைத்தது.

மகேசனின் கையிலிருந்த கிளாஸ் தொட்டிக்குள் விழுந்து உடைந்தது. அவனுடைய வலது கை சுவெட்டருக்குள் இடுப்புக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி நீண்டது. சுட்டுவிரல் லோசாவின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

விரல் மட்டுந்தான். வேறொன்றும் இல்லை.

லோசா அந்த விரலைப் பார்த்தாள். யாரோ பகிடிக்காரன் என்று நினைத்தாள். பாத்திரத்தோடு இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வீடு அதிரச் சிரித்தாள்.

"சுடாதே, சுடாதே! பலகாரத்தை வைத்துக்கொண்டு என்னை விட்டுவிடு!" என்றாள் ஆங்கிலத்தில்.

செல்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியின் கை கொஞ்சமும் சுணங்கவில்லை. யாரென்று அவன் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. இடுப்பில் ஒன்றும் இல்லாதபடியால் மட்டுமே லோசா இப்போது சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

விரல் இறங்கவில்லை. அவன் உதடுகள் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. லோசாவின் சிரிப்பு மெல்ல நின்றது. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு அவனிடம் போனாள். நீட்டிய கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்தி, குருவிக்குஞ்சை இறக்குவதுபோல் கீழே இறக்கினாள்.

"இவருடைய கை ஐஸ்போல இருக்கிறது" என்றாள் செல்வநாயகியிடம். "சூடாக ஏதும் கொடு. நான் பிறகு வருகிறேன்."

அவள் போன பிறகு மகேசன் உடைந்த கிளாஸைத் துண்டு துண்டாகப் பொறுக்கினான்.

"நான் சுட்டிருக்க மாட்டன் அக்கா."

செல்வநாயகி தேநீருக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.

"எண்பத்தி மூண்டு கலவரத்திலை கொழும்பிலை எங்களிட்டை ஒரு துவக்கு இருந்திருந்தா, அப்பிடி ஓடியிருப்பமோ?"

"இருந்திருந்தா ஓடியுமிருக்க மாட்டம், தம்பி. அங்கையே முடிஞ்சிருப்பம்."

அடுத்த நாள் அந்திப்பொழுது. திங்கட்கிழமை அவனுக்கு விமானம். பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு, சாமித்தட்டின் கீழிருந்த கடதாசியைத் தானே எடுத்து வந்து மேசையில் வைத்தான். பேனாவையும் பக்கத்தில் வைத்தான்.

"நேற்று நடந்ததை மறந்திடுங்கோ. புது இடம், நித்திரை இல்லை. அவ்வளவுதான். நான் அங்கை திரும்பி அதே கடையிலைதான் நிக்கோணும். எனக்கு ஏதும் நடந்தா நீங்கள் எப்பிடி இருப்பியள்?"

அவள் எதற்குப் பயந்தாளோ அதையே சொல்லிவிட்டான். செல்வநாயகி பேனாவை எடுத்தாள். ஒரு வார்த்தைதானே, நண்பர் என்று எழுதினால் என்ன, அவன் உயிரோடு இருந்தால் போதாதா என்று நினைத்தாள். பேனாமுனை கடதாசியைத் தொட்டது.

அப்போது வெளியே குரல் கேட்டது.

"நான் லோசா! வேறு யாருமில்லை, லோசாதான்!"

வாசல் படலையடியிலிருந்து வந்தது அந்தக் குரல். சற்று நேரம் கழித்து, வீட்டுக்கு இன்னும் அருகே, "லோசா வருகிறேன்! இப்போது பக்கவாட்டுப் பாதையில் வருகிறேன்!" என்று ஒரு பாட்டுப்போல இழுத்துச் சொன்னாள். மகேசன் திடுக்கிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, இருட்டில் பயப்படும் குழந்தையிடம் குரல் கொடுத்துக்கொண்டே வரும் தாயைப்போல, தன் வருகையை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு அவள் நடந்து வந்தாள். கோபமில்லை, குத்தலில்லை. குரலில் சிரிப்புத்தான் இருந்தது.

மகேசன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மெல்ல மாறியது. பிறகு குனிந்து மேசையைப் பார்த்தான்.

"என்னாலை அந்த மனுசி கத்திக்கொண்டு வருது" என்றான்.

செல்வநாயகி எழுதினாள். உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். கீழே, இவன் நல்லவன், ஆனால் மிகவும் பயந்திருக்கிறான், இவனுக்குத் துப்பாக்கியைவிட ஓய்வு தேவை என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அவன் வாசித்தான்.

"இதை அனுப்பினா அவங்கள் தரமாட்டாங்கள்."

"தெரியும்."

"எனக்கு ஏதும் நடந்தா?"

"அந்தப் பயத்தோடைதான் எழுதினனான். நீ என்ர தம்பி இல்லையெண்டு நான் ஒரு நாளும் எழுத மாட்டன், மகேஸ். நாளைக்குப் போகாதை. பிளேன் ரிக்கற்றை மாத்துவம். இரவு வேலையில்லாத இடமாப் பாக்கும்வரைக்கும் இஞ்சை இரு."

பின்கதவில் இரண்டு தட்டுகள் கேட்டன. லோசா இதுவரை தட்டியதே இல்லை.

செல்வநாயகி எழப்போனாள். மகேசன் கையால் மறித்தான். கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டான். அனுப்புவானா, கிழிப்பானா என்று அவளுக்கு விளங்கவில்லை. குசினி வாசல்வரை போனவன் அங்கே நின்று ஒருமுறை மூச்செடுத்தான்.

அவன் கதவைத் திறந்தான்.

"உள்ளே வாருங்கள்" என்றான் ஆங்கிலத்தில். பிறகு திரும்பிப் பாராமலே, "அக்கா, அந்த ரிக்கற் ஒப்பீஸ் எத்தினை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டான்.