வேண்டாம் என்ற நாட்கள்

பச்சைமுத்துவின் வெள்ளைச் சட்டை புதியது. கூட்டத்துக்காக எங்கள் இயக்கத்தில் எடுத்துக் கொடுத்தது. கடையில் மடித்து வைத்திருந்த கோடுகள் மார்பில் இன்னும் கலையாமல் இருந்தன. முகையூரில் பஸ் ஏறினோம். விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்கு மாறி, விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் பின் ஸீட்டிலிருந்து குனிந்து கூப்பிட்டார்.

"டீச்சர், இன்னொரு தபா படிச்சிக் காட்டுங்க."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டத்தில் அவர் பேச வேண்டியதை எழுதியிருந்த தாளைப் பையிலிருந்து எடுத்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் படித்தேன். 'என் பெயர் பச்சைமுத்து. என் மனைவி கெங்கம்மாள் அரசாங்கம் கொடுத்த கருத்தடை மாத்திரையால் இறந்துபோனாள். அந்த மாத்திரை இனி எந்த வீட்டுக்கும் வரக் கூடாது.' ஒவ்வொரு வரியையும் அவர் திருப்பிச் சொன்னார். மனைவியின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தடுமாறினார். வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லையாம்.

அது எண்பத்தேழாம் வருஷம். மாத்திரை, ஊசி என்று எதுவும் இல்லாமல், பெண் தன் உடம்பின் நாட்களைத் தெரிந்துகொண்டு குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடும் முறையைப் பரப்புவதற்காக எங்கள் பக்கத்தில் ஓர் இயக்கம் இருந்தது. பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற தேவநாதன் அதன் செயலாளர். முகையூர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த நான் புதன்கிழமை மாலைகளில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தேன். நிலத்தில் ஈரம் இருந்தால்தானே விதை முளைக்கிறது, உடம்பிலும் ஈரமான நாட்கள் உண்டு, அந்த நாட்களில் புருஷன் பெண்சாதி விலகி இருந்தால் போதும் என்று சொல்லிக் கொடுப்பேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர்களுக்கு அது சட்டென்று புரிந்துவிடும். ஒரு நோட்டில் தீட்டு நாட்களுக்குச் சிவப்பு, காய்ந்த நாட்களுக்குப் பச்சை, ஈரமான நாட்களுக்கு வெறும் கட்டம் என்று குறித்துக்கொண்டு வர வேண்டும்.

கெங்கம்மாள் அளவுக்குச் சுத்தமாகக் குறித்தவர்கள் யாரும் இல்லை. மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்து வந்தவள். இன்னொன்று தாங்காது என்று மருத்துவச்சியே சொல்லியிருந்தாள். எழுதத் தெரியாதவள் அந்தக் கட்டங்களை நாக்கைக் கடித்துக்கொண்டு வர்ணம் வெளியே போகாமல் தீட்டுவாள். ஐந்து மாதம் ஒழுங்காக வந்து, அப்புறம் நின்றுவிட்டாள். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் பார்த்து ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"நாளு பாக்கறதுலாம் நல்லாத் தெரியுது டீச்சர். தெரிஞ்சி? அத யாரு கேக்கறா?"

வகுப்புப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. அதையே சொன்னேன்.

"அன்பா எடுத்துச் சொல்லுமா. கேப்பாரு."

அவள் சிரித்தாள். மண்ணெண்ணெய் டின்னை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு மாதம் கழித்து, மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது கொல்லையிலேயே விழுந்தாள். ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்து செத்துப்போனாள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டபோது பச்சைமுத்துவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கிளறியதில், கல்யாணப் புடவை மடிப்பில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் கிடைத்தன. இதனாலும் இருக்கலாம், ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருந்திருந்தால் அதனாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். நான் தேவநாதனிடம் இரண்டையும்தான் சொன்னேன். அவர் நோட்டீஸில் ஒன்றுதான் வந்தது. 'ஹார்மோன் மாத்திரைக்கு எதிராகப் பகிரங்க சவால்! உயிரிழந்த பெண்ணின் கணவர் பேசுகிறார்!'

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். இருநூறு பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள். தேவநாதன் நன்றாகப் பேசினார். ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் கிராமத்துப் பெண்களுக்கு அட்டை அட்டையாக மாத்திரை கொடுக்கலாமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. சவாலை ஏற்றுப் பதில் சொல்ல இளம் லேடி டாக்டர் ஒருவர் வந்திருந்தார். "பரிசோதிக்காமக் கொடுக்கறது தப்புதான்" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். "ஆனா போன மாசம் மட்டும் அஞ்சாவது, ஆறாவது பிரசவத்துல ரெண்டு பேரு என் கையிலேயே செத்தாங்க. அவங்களுக்கு நீங்க என்ன பதில் வச்சிருக்கீங்க சார்?" ஹாலில் சலசலப்பு எழுந்தது. தேவநாதன் அதை அடக்கிவிட்டுப் பச்சைமுத்துவைக் கூப்பிட்டார்.

மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் வரியைச் சொன்னார். 'என் மனைவி' என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். நான் கீழே முன்வரிசையில் இருந்தேன். உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மாத்திரதான் கொன்னுச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. டாக்டருக்கே தெரியல. அவ மாத்திர துண்ணதே எனக்குத் தெரியாது. எதுக்குத் துண்ணான்றதுதான் தெரியும். டீச்சருகிட்ட படிச்சிக்கினு வந்து எங்கிட்ட சொன்னா, இன்னிக்கு நாள் சரியில்ல, வேணாம்னு. நான் கேக்கல. அப்பால இன்னொரு தபா சொன்னா. கேக்கல. மூணாவது தபா கையெடுத்துக் கும்பிட்டா. பொண்டாட்டி கும்பிட்டா சிரிப்புதான் வரும், சிரிச்சேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணுமே சொல்றதில்ல. நான் இன்னா நெனச்சேன்னா, சரி, புத்தி வந்துடுச்சி, ஒத்துக்கினான்னு. சந்தோசமாத்தான் இருந்தேன். எட்டு மாசம் சந்தோசமா இருந்தேங்க."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தரையைப் பார்த்தாள். தேவநாதன் மைக்கை வாங்கி, "துக்கத்துல பேசறாரு. அவரோட கண்ணீருக்கு இந்த அரசாங்கம் பதில் சொல்லணும்" என்றார். கைதட்டினார்கள். பச்சைமுத்து அழவே இல்லை.

அடுத்து நான். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வதைத்தான் சொன்னேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டே குழந்தைகள், ஒரு மாத்திரைகூட வாயில் போட்டதில்லை, மனமிருந்தால் யாருக்கும் முடியும். அதற்கும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு, திருச்சியில் தங்கி வேலை பார்த்தார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டில் டீக்காக நின்றது. ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். பச்சைமுத்து டீ குடிக்கப் போகவில்லை. என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவ உங்ககிட்ட என்னப் பத்தி எதனா சொன்னாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் சற்று முன்புதான் அவர் இருநூறு பேருக்கு எதிரில் நின்று பேசியிருந்தார்.

"சொன்னா. நாளு பாக்கத் தெரியுது, அத யாரு கேக்கறான்னு சொன்னா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அன்பா எடுத்துச் சொல்லுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எதிரில் ஒரு லாரி போய்ப் புழுதி அடங்கியது.

"அன்பாத்தான் சொன்னா டீச்சர். அதுல ஒண்ணும் கொறை வைக்கல" என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார். பச்சைமுத்து ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் தேவநாதனுக்குக் கடிதம் எழுதினேன். ஆண்களுக்கும் வகுப்பு வைக்க வேண்டும், அவர்களுக்கு இல்லாமல் பெண்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று. ஒரே வாரத்தில் தபால் கார்டில் பதில் வந்தது. 'ஆண்கள் வந்து உட்காருவார்களா, டீச்சர்? நடக்கக்கூடியதாகப் பாருங்கள். கூட்டம் வெற்றி. செங்கல்பட்டிலும் கேட்கிறார்கள்.'

அந்தப் புதன்கிழமை வகுப்புக்கு ஆறு பேர் வந்தார்கள். வீரம்மாள் என்று ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மூன்று பிள்ளைகள். பாடம் முடிகிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மற்றவர்கள் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, "டீச்சர், அவரு வேணும்னாருன்னா அப்ப இன்னா பண்றது?" என்றாள்.

புத்தகம் என் மடியில்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. "எனக்குத் தெரியலமா" என்றேன். எத்தனையோ வகுப்புகள் எடுத்திருக்கிறேன், அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு தடவைதான் அடித்தது. அவள் புடவையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து ஸீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் திரும்பிப் பார்க்காமல் மிதித்தான். ஏரிக்கரை மேட்டில் சைக்கிள் குலுங்கியபோது அவளுடைய இடது கால் செருப்பு கழன்று மண்ணில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள், அப்புறம் அவன் முதுகைப் பார்த்தாள். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. வளைவில் மறைகிற வரைக்கும் அவள் கழுத்தைத் திருப்பி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு போனாள்.