தலைவரின் இடது கன்னம்

எண்பத்தாறில், பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நான்கே நாள் இருக்கும்போது, தலைவர் பதவிக்கு நின்ற ஏகாம்பரத்தின் இடது கன்னம் பணியாரமாக உப்பிக்கொண்டது. போன வருடம்தான் காஞ்சிபுரத்தில் அந்தப் பல்லுக்கு வேர் வைத்தியம் செய்து நரம்பையே உருவி எடுத்திருந்தார்கள். பல்லுக்கு மேலே மூடியாகத் தொப்பி போட வரச் சொன்னதற்கு, வலிதான் போய்விட்டதே என்று இவர் போகவில்லை. மகா புத்திசாலி.

மறுபடி ஓடினார். டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்து, வேர் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டைக் காட்டினார்.

"நரம்பத்தான் புடுங்கிட்டீங்களே. செத்த பல்லு எப்டிங்க வீங்கும்?"

"கிருமி உள்ள எறங்கியிருக்கு. வேர் நுனியில, எலும்புல சீழ் கட்டியிருக்கு. மறுபடி தெறந்து சுத்தம் பண்ணணும்."

"எலெக்சன் முடியட்டுங்க" என்று மாத்திரையோடு பஸ் ஏறினார்.

ஊர் திரும்புவதற்குள், எதிர்த்து நின்ற வரதன் வேலையை முடித்திருந்தான். ஏகாம்பரத்தை அவர் பெண்டாட்டி பவளம் அறைந்துவிட்டாள் என்று தெருவுக்குத் தெரு சொல்லியாயிற்று.

பவளம் பாவம், கட்டிய நாளிலிருந்து புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏகாம்பரத்துக்கு வலியைவிட மானம் போனதுதான் எரிந்தது. பக்கத்து உத்திரமேரூர்க் கோயில் சுவரில், தேர்தலுக்கு யார் யார் நிற்கக்கூடாதென்று சோழன் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டியிடம் அடி வாங்கியவன் அந்தப் பட்டியலில் இல்லை என்பதுகூட அவருக்கு ஆறுதலாக இல்லை. எக்ஸ்ரேவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"நல்லா பாருங்க. வேருல சீழு கட்டிக்கினு கீது. அவ்ளோதான்."

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் உற்றுப் பார்த்தார்கள்.

"எலும்பு வரைக்கும் போயிக்கீதே" என்றாள் சொக்கம்மாள். "நல்ல அடிதான்."

அடி வாங்கிக்கொண்டு அடங்கி இருக்கிற ஆம்பிளை ஊருக்கு ஆகும் என்று பெண்கள் அத்தனை பேரும் இவருக்கே குத்தினார்கள். நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார். வரதனுக்கு அவன் சொந்த அண்ணியே போடவில்லை.

மறுநாள் சொக்கம்மாள் பெண்களைத் திரட்டிக்கொண்டு மாலையோடு வந்தாள். ஏகாம்பரம் கழுத்தை நீட்டினார். அவரைத் தாண்டிப் போய்ப் பவளத்தின் கழுத்தில் போட்டாள்.

"தண்ணி பம்பு ஒடஞ்சி ஆறு மாசம் ஆவுது. ஒரு மாசத்துல சரியாவணும் பவளம். ஆவலன்னா இன்னா பண்ணணும்னு உனுக்குத் தெரியும்."

பவளம் இல்லையென்று சொல்லவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு யோசனையை ஏகாம்பரம் கண்டதே இல்லை. நிஜமாகவே பயந்துபோனார். அவர் கை தானாக எழுந்து, வீங்காத கன்னத்தை மூடிக்கொண்டது.