பத்மினிக்கு ஒரு பொட்டு

அப்பாவுக்கு இரண்டு சம்சாரம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். மூத்தவள் வாசலில் நிற்கும் வெள்ளை பத்மினி கார். இளையவள் அம்மா. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே அப்பா அந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கிவிட்டதால் இந்தக் கணக்கில் தப்பில்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்குள் அதைத் திருப்புவதென்றால் பாதித் தெருவின் ஸ்கூட்டர்களை நகர்த்த வேண்டும். எல்லோரும் திட்டுவார்கள், அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் என் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போவேன் என்று சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தேன். பெண் அழைப்பு அன்று அப்பா ஓட்ட வேண்டும், நான் மாலையோடு பின்சீட்டில் உட்கார வேண்டும், பொம்மனஹள்ளி மண்டபத்து வாசலில் போய் இறங்க வேண்டும். வேறு எதிலும் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. புடவை நிறத்தைக்கூட மாப்பிள்ளை தினேஷ் வீட்டாரிடம் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா மூத்தவளுக்குத் தடபுடலாகச் செய்தாள். பெண்ணைச் சுமக்கப்போகிற வண்டியாயிற்றே! வழக்கமாக பானெட்டிலும் டயரிலும் ஸ்டியரிங்கிலும் பொட்டு வைப்பதோடு விடுவாள். இந்த முறை கியர் குமிழ், கண்ணாடி, பின்னால் பெட்ரோல் மூடி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "சோறு போற வாய்க்குப் பொட்டு இல்லாமயா?" என்று கேட்டுக்கொண்டே மூடியின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழ மாலையைக் கண்ணாடிக்கு மேல் தன் ஊக்கால் குத்தித் தொங்கவிட்டாள்.

அடுத்த வாரமே பத்மினி நிற்க ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது குஷியாகத்தான் கிளம்புவாள். மண்டபத்துப் பக்கம் போகும் ரோட்டில் தொம்லூர் தாண்டியதும் லேசாக இருமுவாள். கோரமங்களா போகும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுக்க மாட்டாள். மடிவாளா வருவதற்குள் விசும்பி விசும்பி அடங்கிவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரனாலேயே நம்மைத் தின்றுவிடுவார்கள். ஓரமாகத் தள்ளி, கொஞ்ச நேரம் விட்டு, சாவியைத் திருப்பினால் ஒன்றும் அறியாதவள்போல ஓடுவாள். ஒரு நாள் நிற்பாள், ஒரு நாள் நிற்காமல் போய்வருவாள். அதுதான் கொடுமை.

அல்சூரில் கேரேஜ் வைத்திருக்கும் மஞ்சுநாத் அப்பாவின் பழைய சிநேகிதர். "பெட்ரோல் மேல வரல சாமியண்ணா, அஷ்டே, அவ்ளோதான்," என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஃபில்டரை மாற்றினார். பம்ப்புக்குள் இருந்த ரப்பர் தகடைப் புதிதாகப் போட்டார். அவருடைய ஷெட்டில் மூத்தவள் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். "என்கிட்ட நல்லாதான் ஓடுது குரு. வண்டியில ஏனூ இல்ல, ஒண்ணுமே இல்ல, உன் கால்லதான் ஏதோ இருக்குது," என்றார் மஞ்சுநாத்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது," என்று வெள்ளிக்கிழமைதோறும் பூசணிக்காய் சுற்றிப் போட்டு, எல்லாப் பொட்டுக்கு மேலும் புதுப் பொட்டு வைத்தாள்.

அப்பாவோ இது சூடு என்றார். வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்து பம்ப்பின்மேல் ஈரத்துணியைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆகும். துணியின் மகிமை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

தீபாவளியும் போய்விட்டது. கல்யாணம் நெருங்கியது. தினேஷின் மாமா பெரிய ஏசி கார் ஒன்றை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நீ அவங்க வண்டியிலயே போயிடும்மா. மாலையும் கழுத்துமா உன்ன நடுரோட்ல நிக்க வெக்க மாட்டேன்."

ஃபாக்டரி கேண்டீனில் பெரிய அடுப்புகளுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய குரல் அது. அது இப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. நான் அழுகையைக் கோபமாக மாற்றுவதில் கெட்டிக்காரி.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ரெண்டு பேரும் போறோம். எப்ப நிக்குது, ஏன் நிக்குதுன்னு பாக்காம வீட்டுக்கு வர்றதில்ல," என்றேன்.

என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. எப்போதாவது எட்டிப் பார்க்கிற தப்புதான் எங்களுக்கு எமன். அது எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் பாதி பிடித்த மாதிரி.

மறுநாள் விடாமல் மழை. பெங்களூர் குளிரில் கார்க் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. கோரமங்களாவில் மூத்தவள் வழக்கம்போல விசும்பி அடங்கினாள். அப்பா குடையோடு இறங்கி, பானெட்டைத் திறந்து, துணியை நனைத்தார்.

"அப்பா, இந்த மழையில வண்டி எப்படிப்பா சூடாவும்?"

அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு அதைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"பெட்ரோல் இருக்குதா பாரு," என்றார். மீட்டர் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரு மூங்கில் குச்சியை விட்டுத்தான் அளவு பார்ப்போம். நான் பின்னால் போய் மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. கை பயந்து பின்வாங்கிவிட்டது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுப்பா."

உடனே ஸ்டார்ட் ஆனது. துணியும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. மூடியை இறுக்கி மறுபடி ஓட்டினோம், நின்றது. திறந்தோம், 'ஸ்ஸ்ஸ்', ஓடியது. கடைசியாக மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டினோம். சில்க் போர்டு நெரிசல் வரை போய் வீட்டுப் பக்கம் திரும்பும்வரை ஒரு இருமல் கிடையாது.

அப்பா ஓரமாக நிறுத்தி மூடியைக் கையில் எடுத்துக்கொண்டார். "கேண்டீன்ல எண்ணெய் டின்னுக்கு ஒரு ஓட்ட போட்டா ஊத்துமா? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போட்டாதான் காத்து உள்ள போவும், எண்ணெய் வெளிய வரும். அதே கததான் மகா. இந்த மூடி நடுவுல சின்னதா ஒரு ஓட்ட இருக்கும். காத்து போற வழி."

இரண்டு பேரும் மூடியின் நடுவைப் பார்த்தோம். அங்கே அம்மாவின் பொட்டு. சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் போன வெள்ளிக்கிழமைச் சந்தனம் என்று காய்ந்து கல்லாகியிருந்தது. மஞ்சுநாத் ஷெட்டில் நாளெல்லாம் மூடியைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்திருப்பார். அப்புறம் அங்கே எப்படி நிற்கும்? நாங்கள் மூடியை அரைகுறையாக இறுக்கிய நாட்களில்தான் அவள் ரோட்டிலும் நிற்காமல் போய்வந்திருக்க வேண்டும்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாத."

"ஏன்பா? சும்மா துடைச்சிட்டா முடிஞ்சிது."

"அவ வெச்ச பொட்ட நான் அழிக்கறதா? தன் கையாலதான் பொண்ணு வண்டி நின்னுச்சுன்னு தெரிஞ்சா, அவ மனசு தாங்காது. ஆயுசுக்கும் அதையே சொல்லி அழுவா."

எலுமிச்சம்பழ மாலையிலிருந்து ஊக்கைக் கழற்றினார். மூடியைக் கவிழ்த்து, உட்பக்கமிருந்து மெதுவாகக் குத்தினார். பொட்டு கலையவில்லை. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஊக்கைப் பழைய இடத்திலேயே குத்திவிட்டார். அப்பாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே சரியாகத் தெரிந்தது.

வீட்டில், "டாங்க்ல கசடு. எடுத்தாச்சு," என்றார்.

"நான் சுத்திப் போட்டதுல சரியாயிடுச்சுன்னு சொல்ல வாய் வராதே," என்றாள் அம்மா.

"அதுவுந்தான் சரசு," என்றார் அப்பா. நான் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பெண் அழைப்பு நாளும் வந்தது. பூச்சரம் சுற்றி மூத்தவள் வாசலில் ஜொலித்தாள். நான் மாலையோடு வெளியே வரும்போது அம்மா சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றிவந்துகொண்டிருந்தாள். அப்பா ஒரே தாவலில் பின்னால் போய், பெட்ரோல் மூடியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"நவுருயா."

"இங்க வேணாம் சரசு. பெயிண்ட் போவுது."

"நவுருன்னு சொல்றேன் இல்ல."

கெஞ்சலாக என்னைப் பார்த்துவிட்டு அப்பா நகர்ந்தார். தினேஷின் மாமா ஏற்பாடு செய்த ஏசி கார் என் மனக்கண்ணில் வந்து நின்றது.

அம்மா குனிந்தாள். மூடியில் வைக்கவில்லை. மூடிக்குக் கீழே, ஒரு விரல் தள்ளி, வெள்ளை உடம்பின்மேல் வைத்தாள். பிறகு மூடியிலிருந்த பழைய பொட்டுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் 'ஃபூ' என்று ஊதினாள்.

"தூசி அடைச்சிக்கப் போவுது," என்றாள்.

அப்பா குனிந்து மூடியைப் பார்த்தார்.

"கசடாம், கசடு. என் ஊக்கு முனையில சந்தனம் ஒட்டிக்கினு இருக்குது. மூடியில பொட்டு நடுவுல ஓட்ட. எனக்குக் கண்ணு இல்லயா?"

"எப்ப பாத்த?"

"அன்னிக்கே."

"அப்ப ஏன் சொல்லல?"

"எனக்குன்னு நீ ஒரு பொய் சொல்லியிருக்கற. ரெண்டு நாள் வெச்சிக்கலாம்னு இருந்தேன்." கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து அவர் நெற்றியில் இழுத்துவிட்டாள். "அழுவாத. ஓட்டறவன் அழுதா ரோடு எப்படித் தெரியும்?"

அம்மா முன்சீட்டில் ஏறினாள். கோரமங்களாவில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், இருமல் இல்லை. மடிவாளாவில் அம்மா டேஷ்போர்டைத் தட்டி, "வாடி மூத்தவளே," என்றாள். சில்க் போர்டில் எல்லா வண்டியும் அசையாமல் கிடந்தபோதும் அவள் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தாள். பொம்மனஹள்ளி மண்டபத்து வாசலில் மேளம் கேட்டது. அப்பா சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் பத்மினி நின்றாள். எனக்குத்தான் இறங்க மனசு வரவில்லை.