புழு எண்ணெய்க்கு மக்கும் சான்றிதழ்

எங்கள் ஊரில் ஒரு பொருளுக்கு மக்கும் சான்றிதழ் வேண்டுமென்றால், அதைக் கண்டுபிடித்தவரையும் கூடவே புதைக்க வேண்டும். நியாயமான விதிதான்.

பொருள் என்னுடையது. ஓட்டல் மிச்சத்தைத் தின்று கொழுத்த ஈப்புழுக்களைப் பிழிந்து எண்ணெய் எடுத்தேன். பக்குவம் செய்து கியர் ஆயிலில் கலந்தால் பல்சக்கரம் தேயாது. தரையில் சிந்தினால் மண்ணாகிவிடும். என் தலைமுடியில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் டாக்டர் ஏகாம்பரம் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். புழுவைப் பார்த்தாலே வாந்தியெடுக்கிற மனிதர். விதியைப் படிக்கவில்லை. அவர் எதைத்தான் படித்தார்?

சான்று அதிகாரி ஜெசிந்தா மண்வெட்டியோடு வந்தார்.

"கண்டுபிடிச்சது யாருங்க?"

"நானேதாங்க," என்றார் இயக்குநர், டையைச் சரிசெய்தபடி.

"அப்ப இறங்குங்க."

குழி ஆய்வுக்கூடத்தின் நடுவிலேயே இருந்தது. போட்டோகிராபர் நின்றதால் இயக்குநர் சிரித்துக்கொண்டே இறங்கினார். எண்ணெயையும் ஊற்றி மூடினோம். கூரைக்குக் கீழேயே ஒரு மழைக்காலம் பெய்து முடிந்தது.

தோண்டினோம். எண்ணெய் சுத்தமாக மக்கியிருந்தது. இயக்குநர் அப்படியே இருந்தார். டைகூடக் கசங்கவில்லை. "இந்த நல்ல நேரத்தில் நான் சொல்லிக்கொள்ள விரும்புவது என்னவென்றால்" என்று பேசிக்கொண்டிருந்தார். மண்புழுக்கள் குழியைவிட்டு வெளியேறி வராந்தாவில் உட்கார்ந்திருந்தன. அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன்.

"எண்ணெய் பாஸ். ஆள் பெயில்," என்றார் ஜெசிந்தா. "மக்காத ஆளோட சரக்குக்குச் சான்றிதழ் இல்லீங்க. எண்ணெயைக் கொட்டிருங்க. புழுவெல்லாம் கொளுத்திருங்க."

இந்த மூஞ்சிக்காகவா என் எண்ணெய் சாக்கடைக்குப் போக வேண்டும்?

"அவர் கண்டுபிடிக்கலீங்க மேடம். நான்தான்."

"நெசமாங்களா?" என்று ஜெசிந்தா இயக்குநரிடம் கேட்டார்.

அவர் குழியை ஒருமுறை பார்த்தார். "ஆமாங்க. முழுக்கத் தமயந்தி உழைப்புதானுங்க. நான் அப்பவே சொன்னேன்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. அதிலும் பாதிதான் உண்மை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மண் வெதுவெதுப்பாக இருந்தது. மண்புழுக்கள் வராந்தாவிலிருந்து திரும்பி வந்தன. கால்விரல்கள் உடனே மக்கத் தொடங்கின. எனக்குப் பெருமையாக இருந்தது.

"பாஸ்," என்றார் ஜெசிந்தா.

ஏகாம்பரம் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம், சான்றிதழ்ல என் பேரைப் போட்டுருங்க. அம்மணியாலதான் இனி வந்து வாங்க முடியாதுங்களே."

மறுத்துச் சொல்ல வாயைத் திறக்கப் போனேன். வாய் மக்கியிருந்தது.