தலைகீழாகக் கிடந்த பாறை

1

இந்தக் கதை ஒரு ரொட்டியிலிருந்து வந்தது. எங்கள் ஷிராஸ் நகரில் என்னோடு வேலை பார்த்த நிலவியல்காரி ஒருத்தி, மலை எப்படி உண்டாகிறது என்று காட்ட, மதியச் சாப்பாட்டின்போது துணிபோல் மெல்லிய லவாஷ் ரொட்டியை ஓரத்திலிருந்து தள்ளினாள். மடிப்பு எழுந்து ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. ரொட்டியை நான் தின்றுவிட்டேன், கதை மிஞ்சியது.

முதல் தொடக்கம்: ‘ஜாக்ரோஸ் மலைகள் கம்பீரமாக…’ (வேண்டாம். இப்படி எழுதுகிறவன் மலை ஏறியிருக்கவே மாட்டான்.)

இரண்டாவது: ‘பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல்…’ உண்மைதான். அரேபிய நிலம் வந்து முட்டியதில், கடலடியில் படிந்த அடுக்குகள் சுவரோடு தள்ளிய கம்பளம்போல் மடிந்து எழுந்தன. இன்றும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பல கோடி ஆண்டுகள்மீது யாருக்கு இரக்கம் வரும்? ஆகவே ஒரு கோடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2

கதையில் வரும் நிலவியல்காரிக்கு ஃபர்சானே என்று பெயர் வைக்கிறேன். மலைக்கு வடக்கே சன்ஜேத், அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். தெற்கே கலாத். இரண்டு ஊரிலும் மாதுளை மரங்கள் தண்ணீரில்லாமல் காய்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து அனுமதி கிடைத்திருப்பது ஒரே ஒரு ஆழ்துளைக் கிணற்றுக்கு. இடம் காட்ட வேண்டியவள் அவள்.

பாறை அடுக்குகள் வடக்கே சரிந்திருந்தன. அடுக்கோடு இறங்கும் தண்ணீரும் அங்கேதான் போகும் என்று முதல் நாள் சொன்னாள். மாமியார் கௌகப் மகிழ்ந்துபோய் விருந்து வைத்தாள்.

மறுநாள் பாறையைத் தடவிப் பார்த்தாள். பழைய கடல் அலைகள் பதித்த வரிகளின் முகடுகள், மேல்நோக்கி இருக்க வேண்டியவை, கீழ்நோக்கி இருந்தன. அடுக்கு தலைகுப்புறக் கவிழ்ந்த மடிப்பு. மேலே வடக்கே சரிவதாகக் காட்டிவிட்டு, ஆழத்தில் வளைந்து தெற்கே போகிறது. தண்ணீர் கலாத்துக்கு அடியில்.

[இங்கே இவளைச் சந்தேகிக்கிறேன். நானாக இருந்தால் அந்த வரிகளைப் பார்த்ததாகவே காட்டியிருக்க மாட்டேன்.]

3

“ரொட்டிய வச்சு என்னடி விளையாட்டு?” என்றாள் கௌகப்.

“நம்ம மலை, அத்தை. இப்படிக் கவுந்து கெடக்கு. தண்ணி அந்தப் பக்கம் போயிருது.”

“நேத்து நம்ம பக்கம்னே. ராத்திரியில புரண்டு படுத்துச்சாக்கும்.”

கணவன் ஃபராமர்ஸ் சிரிக்கவில்லை. “கலாத்துப் பெரியவரே, ‘கிணறு உங்களுது, எடுத்துக்கங்க’ன்னுட்டாரு. அப்புறம் என்ன?”

“அது மரியாதைக்குச் சொன்னது. நீங்களும்தான் வர்றவங்ககிட்ட எல்லாம் வீடே உங்களுதுன்னு சொல்றீங்க. சாவியையா குடுத்தீங்க?”

“அவங்ககிட்ட நீ போய்ச் சொன்னா, இந்த வீட்டுக்குத் திரும்பி வராத” என்றான் ஃபராமர்ஸ்.

(அடிக்குறிப்பாக: எங்கள் டாக்ஸிக்காரர்கூடக் காசு வேண்டாம் என்பார். நம்பி இறங்கிப் போனால் துரத்திக்கொண்டு வருவார்.)

4

போனாள். கலாத்துப் பெரியவர் எஸ்ஃபந்தியார் தேநீர் ஊற்றினார்.

“தண்ணி உங்க பக்கம்தான் இருக்குங்க ஐயா.”

“உங்க பெரிய மனசும்மா. உங்க மரம் பொழச்சா எங்க மரம் பொழச்ச மாதிரி. அங்கேயே போடுங்க.”

“மரியாதைக்குச் சொல்லலைங்க. எங்க பக்கம் போட்டா வெறும் தூசிதான் வரும்.”

“எவ்வளவு அழகாச் சொல்றீங்க. நல்ல குடும்பத்துப் பொண்ணு.”

எழுதும்போது சிரித்தேன். பிறகு பயமாக இருந்தது. உண்மையை உபசாரம் என்று நினைத்துவிட்டால் ஒருத்தி என்ன செய்வாள்?

5

மூன்றாம் முறையும் சொன்னாள், மறுத்தார். அப்போது ஃபராமர்ஸ் வாசலில் வந்து நின்றான்.

“தம்பி, கிணத்த எங்களுக்கே குடுக்கிறேங்கிறாங்க உங்க வீட்டம்மா.”

ஃபராமர்ஸ் அவளைப் பார்த்தான். குரல் இறங்கியிருந்தது. “ஆமாங்க, அவ மரியாதை தெரிஞ்சவ.” பிறகு அவளிடம், “வா, வீட்டுக்குப் போலாம்.”

அவள் பேசாமல் எழுந்தால் போதும். சொன்னதெல்லாம் உபசாரமாகிவிடும், வீடு மிஞ்சும். துளைபோடும் வண்டி வடக்கே போகும், இரண்டு ஊரும் காயும்.

‘ஃபர்சானே எழுந்து…’ (அடித்துவிட்டேன்.)

‘ஃபர்சானே உட்கார்ந்தபடியே நான்காம் முறையாக…’ (இதையும்.)

மூன்று முறை மறுத்தவர் நான்காம் முறை ஏற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த நான்காம் முறையை எழுத உட்கார்ந்தால் ஃபராமர்ஸின் முகம் வந்து நிற்கிறது. நான் கோழை. அவள் வாய் திறந்தாளா என்று நீங்களே சொல்லுங்கள். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக மட்டும் எதையும் சொல்ல வேண்டாம்.