சல்லடையில் நின்ற மண்

என் கணவர் பிரேம்நாத்தால் எதையும் வடிகட்டாமல் இருக்க முடியாது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கலர் கலக்குகிற வேலை. வாளியில் ஊற்றிக் கலக்கி, நைலான் துணியில் வடிகட்டித்தான் ஸ்பிரே அடிக்கிறவரிடம் கொடுப்பார். ஒரு சின்னக் கட்டி உள்ளே போனாலும் ஸ்பிரே கன் அடைத்துக்கொள்ளும், தோலில் புள்ளி விழும், வாங்கினவன் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான். இவர் கலக்கிய கலரில் இதுவரைக்கும் ஒரு கட்டி வந்ததில்லை என்று அங்கே எல்லோருமே சொல்வார்கள். சந்தோஷம். ஆனால் அந்த நைலான் துணி ஒன்று எங்கள் வீட்டுச் சமையலறையிலும் தொங்குகிறது. டீயை இரண்டு தடவை வடிகட்டுவார். ரசத்தை வடிகட்டுவார். ஒரு தடவை கேழ்வரகுக் கூழை வடிகட்டப் போனார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் தில்ஷாத் அக்காவின் ஜேட் செடியை நம்பிக் கொடுத்தேன். என்னை என்ன சொல்ல!

நான் மாதனூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவள். தில்ஷாத் அக்காவுக்கு என் பக்கத்து மெஷின். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஊசியாக உடைத்துத் தள்ளுவேன். ஊசி உடைந்தால் எங்கள் கம்பெனியில் லேசில் விடமாட்டார்கள். உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து, ஒட்டிப் பார்த்து, முழு ஊசி ஆகிற வரைக்கும் அந்த மெஷின் ஓடக் கூடாது. எவனோ ஒருவன் காலில் குத்திவிடும் என்ற பயம். நான் காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் தவழும்போது, தானும் இறங்கி முட்டிபோட்டுத் தேடிய ஒரே ஆள் தில்ஷாத் அக்கா. தேடிக்கொண்டே திட்டுவார். "கண்ணு எங்கடி வெச்சிருக்கே, டிபன் பாக்ஸ்லயா?" அந்தத் திட்டு காதில் விழாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. அவ்வளவு பிடிக்கும் எனக்கு அந்த அக்காவை.

செடியும் கம்பெனியில் வளர்ந்ததுதான். வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று ஒருமுறை வாசலில் வாடகைக்குச் செடித்தொட்டி வாங்கி அடுக்கினார்கள். அதிலிருந்து விழுந்த ஒரே ஒரு இலையை அக்கா பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார். ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் தீர்ந்த டின்னில் நட்டு, மெஷின் பக்கத்து ஜன்னலில் வைத்தார். எங்கள் சூப்பர்வைசர் தானியேல் கண்டும் காணாமல் விட்டது இது ஒன்றைத்தான். அது தண்டு தடித்து, காசு காசாக இலை விட்டு, ஜன்னல் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது.

அக்காவின் மகன் மக்பூல் அகமது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கல்யாணம் ஆன கையோடு, அம்மா இனிமேல் எங்களோடுதான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி நாள் டின்னைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"போய்ப் பாத்துட்டு வர்றேன். பிடிச்சா இருப்பேன், இல்லன்னா வந்துடுவேன். அதுவரைக்கும் இத நீ வெச்சிரு. தண்ணி கம்மியா ஊத்து. வேற ஒண்ணும் பண்ணாத."

எனக்கு அந்தச் செடி கையில் இருந்தது பெரிய தெம்பாக இருந்தது. திரும்பி வராதவர் யாராவது செடியை விட்டுவிட்டுப் போவார்களா? இது என்னிடம் உயிரோடு இருக்கிற வரைக்கும் அக்கா வந்துதான் ஆக வேண்டும். இதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கு அன்றைக்குச் சாயங்காலமே கம்பெனி பஸ்ஸில் ஆட்டம் கண்டது. ஒரு ஸ்பீடு பிரேக்கர். துருப்பிடித்த டின்னின் அடிப்பாகம் கழன்று என் மடியில் நின்றுவிட்டது. ஒரு கிளை முறிந்தது. மண் எல்லாம் கொட்டியது. மண்ணையும் முறிந்த கிளையையும் துப்பட்டாவில் வாரிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிரேம்நாத் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "இன்னா மேகலா இப்போ? மண்ணு கலக்கணும், அவ்ளோதானே? கலக்கற விஷயத்த என்கிட்ட விடு."

அக்காவின் பழைய மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். செங்கல் துண்டு, கரித்துண்டு, பருமணல், பொடிக்கல். "இதுல பூரா கல்லுதான் இருக்கு. பாவம், இந்தச் செடி எப்படித்தான் இத்தனை வருஷம் மூச்சு விட்டுதோ."

பக்கத்தில் வீடு கட்டி மீந்த மணல், ஏரிக்கரைச் செம்மண், காய்ந்த சாணி எரு எல்லாம் கொண்டுவந்து அக்காவின் மண்ணோடு சேர்த்தார். முதலில் மணல் சலிக்கிற சல்லடை. பிறகு மாவு சலிக்கிற சல்லடை. கடைசியில் அந்த நைலான் துணி. சல்லடையில் நின்றதையெல்லாம் துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே, மதில் ஓரமாகக் கொட்டினார். முறிந்த கிளையும் உதிர்ந்த இலையும் அதன் மேலேயே போயின. நைலான் துணிக்குக் கீழே இறங்கிய மண் முகத்துக்குப் போடுகிற பவுடர் போல இருந்தது. இரண்டு விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார்.

"கட்டி இருக்கா பாரு."

"இல்லீங்க."

"இருக்காது."

புதுத் தொட்டியில் போட்டு, தட்டி, இஸ்திரி போட்ட மாதிரி சமப்படுத்தி, நடுவில் செடியை நட்டார். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது.

"எவ்ளோ அழகா நிக்குது பாரு," என்றார். நானும் பார்த்து ரசித்தேன்.

கொஞ்ச நாளில் இலை மஞ்சளித்தது. நிழலில் வைத்தோம், வெயிலில் வைத்தோம். தொட்டால் இலை கையோடு வந்தது. அக்கா அங்கிருந்து வாட்ஸ்அப்பில் செடி போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்பு என்று நச்சரித்தார். நல்லாயிருக்கிற பக்கமாகப் பார்த்து எடுத்து அனுப்பினேன். பிறகு நல்லாயிருக்கிற கிளை. பிறகு நல்லாயிருக்கிற இலை.

அக்கா போனில் பிடித்துக்கொண்டார். "ஒரே இலைய எத்தன தடவடி அனுப்புவே? பாஸ்போர்ட்டா எடுக்கறே? முழுசா காட்டு."

"கேமரா சரியில்லக்கா," என்றேன்.

கடைசியில் தண்டே நைந்துபோன வாழைப்பழம் போல ஆகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தோம். மண் தொட்டி உருவத்திலேயே முழுசாக வெளியே வந்து உட்கார்ந்தது. பிரேம்நாத் அதை உடைத்துப் பார்த்தார். உள்ளே என்றைக்கோ ஊற்றிய தண்ணீர் இன்னும் ஈரமாக இருந்தது. வேர் அழுகி நாறியது. மொத்தச் சரக்கும் ரிஜெக்ட் ஆன மாதிரி அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா சொன்னது ஒரே ஒரு வார்த்தைங்க. வேற ஒண்ணும் பண்ணாதன்னு சொன்னாங்க. நீங்க எல்லாத்தையும் பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. செடிக்காக மட்டும் அழவில்லை. இனிமேல் அக்கா எதற்காகத் திரும்பி வருவார்? அதைத்தான் அவரிடமும் சொன்னேன். அவர் உடைந்த மண்கட்டியை வாரத் தொடங்கினார். வாயைத் திறந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டிருப்பார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த துணியை எடுக்கப் போனேன். ஒரு ஜாக்கெட் கீழே விழுந்திருந்தது. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மதில் ஓரம் அவர் கொட்டிய கல்லும் கப்பியும் குவியலாகக் கிடந்தன. அதன் மேல் பஸ்ஸில் முறிந்த கிளை கொழுகொழுவென்று இருந்தது. சுற்றிலும் உதிர்ந்த இலைகளின் அடியில் இளஞ்சிவப்பு நூல் போல வேர். இரண்டு இலைகளில் மிளகு அளவுக்குப் புதுத் துளிரே வந்திருந்தது.

"ஏங்க! ஓடி வாங்க!"

பாம்பு என்று நினைத்துக் கழியோடு வந்தார். பார்த்தார். கழியைக் கீழே வைத்துவிட்டு, போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து குவியலின் ஓரத்தில் ஊற்றினார். ஊற்றிய வேகத்தில் கீழே இறங்கிவிட்டது.

"நிக்கல," என்றார். மறுபடியும் ஊற்றினார். "நிக்கவே இல்ல மேகலா. கன் அடைக்கக் கூடாதுன்னுதானே கலர வடிகட்டறேன்? இங்க நான் வடிகட்டித்தான் அடைச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடியில் ஓட்டை போட்ட அகலமான மண்சட்டி ஒன்றை எடுத்தார். அந்தக் குவியலை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். கொஞ்சம் எரு சேர்த்தார். கை தன்னால் நைலான் துணியைத் தேடியது. நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தக் கல்லு மட்டும் ரொம்பப் பெருசா இருக்கே," என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இருக்கட்டும்."

"அந்தக் கரித்துண்டு?"

"அதுவும் இருக்கட்டும். நடுங்க."

கிளையை நடுவிலும் இலைகளைச் சுற்றியும் வைத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு விரலால் கிளையை லேசாக அசைத்துப் பார்ப்பார். ஒரு நாள் பார்த்துவிட்டு, "பிடிச்சிடுச்சு, நங்கூரம் மாதிரி நிக்குது," என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அந்த வாரமே அக்காவின் போன் வந்தது. "சனிக்கிழமை வர்றேன்டி. வீட்ட காலி பண்ணிடறேன். மறுநாள் மக்பூல் கார் எடுத்துட்டு வர்றான், செடிய வெச்சுக்கிட்டு கிளம்பிடுவோம். இங்க பால்கனி இருக்கு."

என் கணக்கு மொத்தமும் தலைகீழாகப் போய்விட்டது. எதை வைத்து அக்காவை வரவழைக்கலாம் என்றிருந்தேனோ, அதை எடுத்துக்கொண்டு போகத்தான் அக்கா வருகிறார்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். கொஞ்சம் வெளுத்திருந்தார், இளைத்தும் இருந்தார். பிரேம்நாத் டீ போட்டுக் கொடுத்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ருசி பூரா துணியிலயே நின்னுடுச்சு தம்பி," என்றார். பெங்களூரில் எப்படி என்று கேட்டேன்.

"ஒரு கொறையும் இல்லடி. மருமக தங்கமான பொண்ணு. எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு. ரெண்டு பேரும் காலையில போனா ராத்திரிதான். நடுவுல நான் அந்த மெஷினுங்களைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன். எத்தன திட்டினாலும் ஒண்ணாவது பதில் பேசுதா?" சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "சரி, செடி எங்க?"

நான் சட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். ஒரு சாண் உயரத்துக்குக் கிளை, சுற்றிலும் இலைக்குஞ்சுகள். அக்கா சட்டியைப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார், பெரியது ஏதோ பின்னால் வருகிறது என்பது போல.

"மீதி?"

"நைசா சலிச்சுட்டேன்க்கா," என்றார் பிரேம்நாத். தலை குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நைலான் துணியைக் கூட விடவில்லை.

"யா அல்லா! ஜேட் செடிக்கு மண்ணு சலிச்ச ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான் தம்பி!" அக்கா திட்ட ஆரம்பித்தார். பிரேம்நாத்தைத் திட்டினார், அவரிடம் கொடுத்ததற்கு என்னைத் திட்டினார், கேமராவைத் திட்டினார், ஸ்பீடு பிரேக்கரைத் திட்டினார். எத்தனை நாளாயிற்று அந்தத் திட்டைக் கேட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு இலைக்குஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "சரி விடு. அதுவும் ஒரே இலையில இருந்து வந்ததுதானே. நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"நாளைக்கு வேணாம்க்கா," என்றார் பிரேம்நாத். "இன்னும் வேர் பிடிக்கல. கார்ல குலுங்கினா அவ்ளோதான். ஆட்டாம வெச்சிருக்கணும்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பொய்யே பேசத் தெரியாத மனுஷன். இப்போது மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா இரண்டு விரலால் கிளையின் அடியைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்தார். செடி வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். சட்டியே தரையை விட்டு எழும்பியது. அக்கா சட்டியைக் கீழே வைத்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அசைந்த பொடிக்கல்லை விரலால் நன்றாக அழுத்திவிட்டார்.

"ஆமா தம்பி. இன்னும் பிடிக்கல."

போனை எடுத்து மகனிடம் உருதுவில் பேசினார். நாளைக்கு வராதே, செடிக்கு வேர் பிடிக்கவில்லை, பிடித்ததும் சொல்கிறேன் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் மெஷின்ல யாருடி உக்காந்திருக்கா?"

"சானியான்னு ஒரு புதுப் பொண்ணுக்கா."

"ஊசி ஒடைக்கறாளா?"

"தினமும்."

"கீழ இறங்கி யாரு தேடறது?"

"நான்தான்."

"கிழிஞ்சுது," என்று அக்கா மீதி டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "தானியேலுக்கு போன் போடு. திங்கக்கிழமை பஸ்ல எனக்கு ஜன்னல் பக்கம் சீட்டுப் பிடிச்சு வை."