ஜாடிக்கு ஒரு ஏசி அறை

கொடைக்கானல் பெண் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டால் வெயிலுக்கு மட்டுமல்ல, தன் வாய்க்கும் பயப்பட வேண்டும். ஸ்டெல்லாவுக்கு அது தெரியவில்லை. மாமனார் பிலவேந்திரன், மாமியார் ராயம்மாள் இருவருடைய நாற்பதாவது கல்யாண நாள் மே முப்பத்தொன்று. வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் தன் கையால் திராட்சை ஒயின் போட்டுத் தருவதாக, கல்யாணமாகி இரண்டே மாதமான மருமகள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"இந்தக் கத்திரி வெயில்லயா? புளிச்சிப் பூடும்மா" என்றார் ராயம்மாள்.

அப்படியே ஆயிற்று. சமையலறை மூலையில் வைத்த முதல் ஜாடி ஆறே நாளில் காடியாகி, வாய்கட்டிய துணியை அவிழ்த்ததும் ஆளைத் துரத்தியது. ராயம்மாள் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஸ்டெல்லாவுக்கு அழுகை முட்டியது. விசேஷத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள். ஒயின் ஊறவும் சரியாக இருபத்தொரு நாள். அடுத்த ஜாடியும் கெட்டால் இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடவே எடுபடாது என்று பயந்துபோனாள்.

வெப்பமானி ஒன்று வாங்கி வீடு முழுக்க மாட்டிப் பார்த்தாள். மாடிப்படிக்கு அடியில் முப்பத்தாறு. குளியலறையில் முப்பத்தைந்து. இருபத்து நான்கு காட்டியது ஒரே இடம்: அவளும் கணவன் ஜெபினும் படுக்கும் ஏசி அறை.

"அப்ப நாம?" என்றான் ஜெபின், முகம் சுண்டிப்போய்.

"ஜாடி ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே!"

ஜாடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஏசிக் காற்று எலும்புக்கு ஆகாது என்று அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ராயம்மாள், மூன்றாம் நாள் மத்தியானம் பாயோடு வந்தார். "ஒயினுக்கு ஆள் காவல் வேணும் இல்ல?" மறுநாள் பிலவேந்திரன் தலையணையோடு வந்தார்.

"நைனா, ஹால்ல ஃபேன் இருக்குதே!" என்றான் ஜெபின்.

"அது அனலத்தான்டா அள்ளி வீசுது" என்று கால் நீட்டிப் படுத்தார் அவர். கட்டில் ஓரத்தில் ஒடுங்கிய ஜெபினைப் பார்த்து ஸ்டெல்லா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பதினேழாம் நாள் நண்பகலில் கரண்ட் போயிற்று. அரை மணியாயிற்று, வரவில்லை. வெப்பமானி முப்பதைத் தொட்டதும் ராயம்மாள் எழுந்துவிட்டார். "ஜெபினு, சாக்க நனைச்சிக் கொண்டா! இன்னாங்க பாத்துக்னு நிக்கிறீங்க? விசிறுங்க!"

பிலவேந்திரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் விசிறினார். ஜெபின் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான். ராயம்மாள் ஈரச் சாக்கை ஜாடியில் சுற்றிக்கொண்டே ஜெபமாலையைத் தொடங்கினார். மாமனார் வேர்த்து விறுவிறுத்து ஒரு ஜாடிக்கு விசிறுவதைப் பார்த்த ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு பீறிட்டது, அடக்கவே முடியவில்லை.

"இன்னா சிரிப்பு? சாக்கப் பிடி!" என்று அதட்டிய ராயம்மாள், அருள் நிறைந்த மரியே என்பதற்கு நடுவிலேயே தானும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மூன்று மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது நால்வரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கல்யாண நாளன்று ஸ்டெல்லா வடிகட்டி, முதல் கிளாஸை மாமியாரிடம் நீட்டினாள். ராயம்மாள் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி நீட்டினார்.

பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எம் மருமவ போட்டது! இந்த வெயில்ல!"

ஸ்டெல்லாவுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. ராயம்மாள் அவள் காதருகே குனிந்தார். "ஜாடி எதுக்குச் சும்மா கெடக்கணும்? நாளைக்கே அடுத்தது போட்டுடலாமா?"

அவர் முதுகுக்குப் பின்னால் ஜெபின் இரண்டு கையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா அவனையும் பார்த்தாள், மாமியாரின் முகத்தையும் பார்த்தாள்.

"ரெண்டு ஜாடியா போட்டுடலாம் அத்தை" என்றாள்.